சம்பந்தம் பேசப் போகாத ஐந்து தட்டுகள்

ஈப்போ,
புதன்கிழமை காலை.

என் அன்புக்கும் மதிப்புக்கும், கொஞ்சம் பயத்துக்கும் உரிய அம்பிகை அக்காவுக்கு,

தங்கை சுபாஜினி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் சுகம். இவருடைய முழங்கால் சுகம். என் இரத்த அழுத்தமும் போன மாதம் வரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. தஞ்சோங் மாலிமில் நீங்களும் அத்தானும், முக்கியமாக இளங்கீரனும், உடல் நலத்தோடும் நல்ல மனநிலையோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நல்ல மனநிலை என்பதைச் சும்மா மரியாதைக்கு எழுதவில்லை. கடிதத்தின் பாதியில் அது உங்களுக்குத் தேவைப்படும்.

கைபேசி இருக்கும்போது இவள் ஏன் தாளில் எழுதி விரைவு அஞ்சலில் அனுப்புகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் கைபேசிக்கு வரும் செய்திகளையெல்லாம் உங்களுக்கு வாசித்துக் காட்டுவது இளங்கீரன். இந்தச் செய்தியோ இளங்கீரனைப் பற்றியது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் முதல் வாக்கியத்திலேயே "பொறு, பொறு" என்று மறிப்பீர்கள். இது பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசமாகத் தெரியக்கூடிய விஷயம். ஆகவே கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். "தங்கச்சி டாக்டர்மாரோட வேலை செய்யிறா" என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். உண்மையில் எங்கள் அமைப்பில் என் பதவி சுகாதாரத் தொடர்பு அதிகாரி. நோயைப் பற்றி நோட்டீஸ் எழுதுவதும், எழுதிய நோட்டீஸை யாரும் படிக்கவில்லை என்று அறிக்கை எழுதுவதும் என் வேலை. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் மார்பகப் பரிசோதனை வேனை எடுத்துக்கொண்டு பத்து காஜாவுக்கு அப்பால் ஒரு தாமானுக்குப் போனோம். பழைய ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது அங்கிருந்த ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். மூன்று மொழிகளில் நோட்டீஸ், கூடாரம், இலவச மைலோ எல்லாம் இருந்தன. பகல் முழுவதும் வந்தவர்கள் மூவர். ஒருவர் பல்வலிக்கு வந்தவர். ஒருவர் எங்கள் ஓட்டுநர் சிவபிரகாசத்துக்குத் தூரத்து உறவு, அவரைப் பார்க்க வந்தவர். மூன்றாமவர் ஓர் ஆண், வேனை நகர்த்தச் சொல்லி வந்தார். 'பண்பாட்டுத் தடைகளால் வரவேற்பு குறைவு' என்று மேலிடத்துக்கு எழுதினேன். ஆட்கள் ஏன் வரவில்லை என்று நமக்குத் தெரியாதபோது எழுதும் சொல் அது. மேலிடம் அதை நம்பிவிட்டது. எங்கள் எல்லோருக்கும் இரண்டு நாள் பண்பாட்டுத் திறன் பயிற்சி என்று கடிதம் வந்தது.

ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பயிற்சி. பயிற்சியாளர் பிரேம்நாத் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை, அடுக்குமாடியில் வளர்ந்தவர், பணிவானவர், வியர்க்காதவர். ஒவ்வோர் இனத்துக்கும் திரையில் ஒரு பக்கம் வைத்திருந்தார். இந்தியர்கள் என்ற பக்கம் வந்ததும் மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. "எந்த இந்தியர்கள்?" என்று கேட்டேன். அக்கா, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம் வீட்டில் ஒரு மாதிரி, செட்டியார் வீடுகளில் ஒரு மாதிரி, தோட்டத்திலிருந்து வந்த வீடுகளில் இன்னொரு மாதிரி அல்லவா? "நல்ல கேள்வி, அது அடுத்த பக்கத்துல வருது" என்றார். அடுத்த பக்கத்தில் 'தேநீர் இடைவேளை' என்று வந்தது.

கறிபாப் சாப்பிட்டு முடித்ததும் நடிப்புப் பயிற்சி. எங்கள் தாதி நொராய்னி தாதியாகவே நடிக்க, நான் 'பரிசோதனைக்குத் தயங்கும் இந்தியப் பெண்மணி'யாக நடிக்க வேண்டும். எனக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார்கள். 'தயக்கம் போதவில்லை, இயல்பாக இல்லை' என்று குறிப்பு. நாற்பத்தாறு வருடமாக நான் இந்தியப் பெண்மணியாக இருந்து வருகிறேன், யாரும் இதுவரை மதிப்பெண் குறைத்ததில்லை. மறுநாள் அதே வேடத்தில் நொராய்னி நடித்தாள். சுங்கை சிப்புட்டில் தமிழர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள், தமிழ் நன்றாகவே பேசுவாள். முந்தானை இல்லாமலே முந்தானையைத் திருகி, "என் வூட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்லா" என்று தரையைப் பார்த்தாள். ஒன்பது வாங்கினாள்.

கடைசி நாளில் பிரேம்நாத் ஒரு யோசனை சொன்னார். "நம்ம ஆளுங்க நோட்டீஸுக்கு வரமாட்டாங்க. கல்யாணத்துக்கு எப்படி அழைக்கிறோம்? நேர்ல போய், தட்டுல வெத்தல பாக்கு வெச்சு அழைக்கிறோம். பரிசோதனைக்கும் அப்படி அழைங்க, கண்டிப்பா வருவாங்க." இதில் தவறு ஒன்றும் இல்லை. தட்டில் என்ன, எத்தனை தட்டு, யார் ஏந்துவது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்பா காலத்திலிருந்து நம் வீட்டுக்கு அழைப்பெல்லாம் தபாலில்தான் வரும். தட்டு என்றால் தட்டுதானே என்று நான் இருந்துவிட்டேன்.

தட்டுகளை நொராய்னி தயார் செய்தாள். மலாய்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு அலங்காரத் தட்டுகள் போவதைப் பார்த்திருப்பீர்கள், ஹந்தாரான் என்பார்கள், எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். தன் மூன்று தங்கைகளின் ஹந்தாரானையும் செய்தவள் அவள். மனமுவந்து இரண்டு இரவு உட்கார்ந்து ஐந்து தட்டு செய்தாள். ஒன்றில் பழங்கள். ஒன்றில் தேங்காய், வெற்றிலை, மஞ்சள், குங்குமம்; லிட்டில் இந்தியா கடைக்காரம்மா "விசேஷமா?" என்று கேட்டு, இவள் "ஆமா, பெரிய விசேஷம்" என்று சொன்னதால் அந்தம்மா சந்தோஷப்பட்டு மல்லிகைச் சரமும் கண்ணாடி வளையலும் சேர்த்து வைத்துவிட்டார். மூன்றாவதில் இரண்டு துவாலைகளை அன்னப்பறவைகளாக மடித்து, கழுத்தோடு கழுத்து ஒட்டி நிறுத்தியிருந்தாள். நான்காவதில் என் நோட்டீஸ்களைச் சுருட்டித் தங்க நாடாவால் கட்டியிருந்தாள்; இத்தனை வருடத்தில் என் நோட்டீஸ் அவ்வளவு அழகாக இருந்ததே இல்லை. ஐந்தாவதில் சிவப்பு வெல்வெட் மேல், மார்பில் கட்டியைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுக்க நாங்கள் வைத்திருக்கும் சிலிக்கோன் மாதிரி. அப்படியே கொண்டுபோவது மரியாதை இல்லை என்று அதன்மேல் ஒரு பட்டுத்துணியைப் போர்த்தியிருந்தாள். "சாந்திக் தாக்?" அழகா இருக்கா என்று கேட்டாள். அழகாகத்தான் இருந்தது. நான் வேறென்ன சொல்ல?

'மரியாதையான உடை' என்று பயிற்சியில் சொன்னதால் நான் அரக்குப் பட்டு. நொராய்னி பொன்னிற பாஜு கூரோங். சிவபிரகாசம் அண்ணனுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, அவர் கோயிலுக்குப் போய்விட்டு வேட்டி சட்டை சந்தனப் பொட்டோடு வந்திருந்தார். நாங்கள் தாமானில் இறங்கியபோது காலை ஒன்பதரை மணி. வளர்பிறை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் கலாதேவி என்பவர் வீடு. ஐம்பத்தெட்டு வயது, கோயில் மாதர் குழுவுக்குத் தலைவி, அவர் வந்தால் தெருவே வரும் என்று விசாரித்து வைத்திருந்தோம். கணவர் லாரி ஓட்டுகிறவர், அன்று ஊரில் இல்லை. ஒரே பெண், தினேஸ்வரி, முப்பத்து மூன்று வயது, ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. நான் ஒரு தட்டையும் நொராய்னி இரண்டு தட்டுகளையும் ஏந்தி வரிசையாக நடக்கிறோம், மீதி இரண்டை சிவபிரகாசம் அண்ணன் இரண்டு கையிலும் தூக்கி வருகிறார். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாப்பா என்ற அம்மாள் எங்களைப் பார்த்தார். கையிலிருந்த துணி விழுந்தது.

"கலா! ஏய் கலா! தட்டு வருதுடி! வாய் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா நீ?"

அக்கா, அந்தக் குரலுக்குப் பிறகு எங்களுக்கு நோட்டீஸே தேவைப்படவில்லை. நாங்கள் வாசலைத் தொடுவதற்குள் கூடத்தில் பாய் விரித்தாகிவிட்டது. சிரப் தண்ணி வந்தது, முறுக்கு வந்தது, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். பாப்பா அக்கா எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்துகொண்டு சிவபிரகாசம் அண்ணனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "கொஞ்சம் வயசு தெரியுது. பரவால்ல, முடி இருக்கு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சிவபிரகாசம் அண்ணனுக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். அவர் பாட்டுக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த தினேஸ்வரியிடம் வாஞ்சையாக, "என்னம்மா படிச்சிருக்கே?" என்று கேட்டார். கூடம் அப்படியே மூச்சை இழுத்துப் பிடித்தது.

நான் பயிற்சியில் மனப்பாடம் செய்த முன்னுரையைத் தொடங்கினேன். "உங்கள் குடும்பத்தின் நல்லதுக்காக ஒரு முக்கியமான விஷயம் பேச வந்திருக்கோம்."

"பேசலாம், தாராளமா பேசலாம்" என்றார் கலாதேவி.

"வீட்டுல முப்பது வயசுக்கு மேல எத்தன பெண்கள் இருக்காங்க?" இது எங்கள் கேள்வித்தாளில் முதல் கேள்வி.

பாப்பா அக்கா முந்திக்கொண்டார். "ஒண்ணுதாம்மா. முப்பத்து மூணு. பாத்தா தெரியாது."

"குடும்பத்துல யாருக்காவது பரம்பரையா ஏதாவது நோய்?"

"அதெல்லாம் சுத்தமான குடும்பம்லா! தாயும் மகளும் ஒரு நாள் படுத்ததில்ல."

கேள்வித்தாளில் மூன்றாவது கேள்வி குழந்தை பெற்றதைப் பற்றியது. அதை நான் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நல்லவேளை, அதற்குள் பாப்பா அக்கா ஐந்தாம் தட்டின் பட்டுத்துணியைத் தூக்கிவிட்டார்.

"இது என்னாது, கொழுக்கட்டையா?"

நொராய்னி தாதி அல்லவா, அவளுக்குக் கூச்சம் கிடையாது. "தொட்டுப் பாருங்க கா. உள்ள கட்டி இருக்கு. நீங்களே கண்டுபுடிக்கணும்." பாப்பா அக்கா ஒற்றை விரலால் தொட்டார், பிறகு மூன்று விரலால் அழுத்தினார், பிறகு கண்டுபிடித்துவிட்டு, "இந்தா இருக்கு! மொச்சக்கொட்ட மாரி!" என்று கூவினார். தட்டு கை மாறிக் கூடத்தைச் சுற்றி வந்தது. தினேஸ்வரி மட்டும் கதவில் சாய்ந்து நின்று, "அக்கா, இது சீரா, பாடமா?" என்று என்னைக் கேட்டாள். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று புரிந்தது, நாங்கள் எந்தக் கோலத்தில் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று.

உடனே எழுந்து நின்று, நாங்கள் அதற்கு வரவில்லை, சனிக்கிழமை வேன் வரும், பரிசோதனைக்கு அழைக்க வந்தோம், இவர் எங்கள் ஓட்டுநர் என்று சொன்னேன். சொன்னேன் அக்கா, சத்தியமாகச் சொன்னேன். பாப்பா அக்கா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "மெடிக்கல் குடும்பம்டி! எல்லாத்தையும் மொதல்லயே செக் பண்ணிக்கிறாங்க. வந்திருக்கிற வேன பாரு, ஆபீஸ் வேன்லயே வந்திருக்காங்கன்னா எவ்ளோ செல்வாக்கு!" வேனின் இரண்டு பக்கமும் 'மார்பகப் பரிசோதனை' என்று கை அகலத்துக்கு எழுதியிருக்கிறது. "அப்ப இவரு டிரைவரு. சரி. மாப்பிள்ள யாரு?"

அந்த நேரம் பார்த்துப் பாயில் கிடந்த என் கைபேசி மணி அடித்தது. அடித்து முடிந்ததும் திரையில் போன தீபாவளிப் படம் வந்தது. நீங்கள், நான், நடுவில் நீலச் சட்டையில் இளங்கீரன். "இவரா!" என்றார் பாப்பா அக்கா. கலாதேவி கைபேசியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"அக்கா மகன்."

"என்ன வேல?"

"தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலைல இன்ஜினியர்."

"கல்யாணம்?"

"இன்னும் இல்ல."

நான் சொன்னது இவ்வளவுதான். ஒவ்வொன்றும் உண்மை. கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது, சின்ன வயதிலிருந்து உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இல்லை எண்டு சொல்ல எவ்வளவு நேரமப்பா?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நேரம் இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோர் முகமும் அப்படி மலர்ந்திருந்தபோது 'இல்லை' என்று சொல்ல ஏன் எனக்கு வாய் வரவில்லை என்பது எனக்கே தெரியவில்லை. பயிற்சியில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. வேன் போய் நிற்பதற்கு முன்பே வரிசை நின்றது. மாதர் குழு முழுவதும், பக்கத்துத் தெருவும், இரண்டு மாமியார்களும் அவரவர் மருமகள்களும். மைலோ தீர்ந்து போய் மறுபடி வாங்கி வந்தோம். எங்கள் மேலிடம் இதைப் 'பண்பாட்டுத் திறன் பயிற்சியின் வெற்றி' என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. பிரேம்நாத் என் புகைப்படத்தைக் கேட்டிருக்கிறார், இந்தியர்கள் பக்கத்தில் போடுவதற்கு. எனக்கு உண்மைக் காரணம் தெரிய வேண்டும் போலிருந்தது. வரிசையில் நின்ற பாப்பா அக்காவிடம், போன தடவை ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டேன்.

"போன தடவ யாரு கூப்பிட்டா? வேன் வந்துச்சு, நின்னுச்சு, போயிருச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சும்மா போயி நின்னா, இவளுக்கு என்னமோ இருக்குன்னு பேசுவாங்கம்மா. இன்னிக்கி கலா பொண்ணு விஷயமா வந்தோம். அது வேற" என்றார்.

இது எனக்குப் புதிது. நானும் ஒருவர் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என்ன நோய் என்று நினைப்பேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவரை அப்படி நினைப்பதில்லை. எத்தனை நோட்டீஸ் எழுதியிருக்கிறேன், இது ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லையே என்று அந்த வெயிலில் நின்று வியந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் நொராய்னி திரைக்கு உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் முகம் மாறியிருந்தது.

உள்ளே கலாதேவி. இடது பக்கம் ஒரு கட்டி. என்னவென்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நொராய்னி கடிதம் எழுதிக் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் இதைக் கொண்டுபோக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றாள். நான் அதையே மறுபடியும் தமிழில் சொன்னேன். கலாதேவி ஜாக்கெட் கொக்கியை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார். திரைக்கு வெளியே பாப்பா அக்கா, "என்னா கலா, இவ்ளோ நேரம்? எல்லாம் சரியா?" என்றார்.

"சரிதான்லா! நாள் பாக்குறதப் பத்திப் பேசுறோம்!" என்று கலாதேவி உரக்கச் சொன்னார். அதே குரலில் என்னிடம், "மொதல்ல நல்ல காரியம் முடியட்டும், மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒங்க அக்காகிட்ட இதச் சொல்லிருங்க. அவங்களுக்குத் தெரியணும், மறைக்கக் கூடாது. தெருவுக்கு வேணாம்" என்றார். அதனால்தான் ஒருவருடைய உடம்பைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

அதன்பிறகு நான் இரண்டு நாளுக்கு ஒரு தடவை கூப்பிடுகிறேன். "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்றால், "சம்பந்தியம்மா எப்ப வாராங்க?" என்று கேட்கிறார். "கடிதம்?" என்றால், "அது சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா இருக்கு" என்கிறார். பின்னால் பாப்பா அக்கா குரல் கேட்டுக்கொண்டே இருக்கும், "பட்டு எடுத்தாச்சான்னு கேளுடி!" என்று. வருகிற சனிக்கிழமையோடு இரண்டு வாரம் முடிகிறது; மிஞ்சிப் போனால் செவ்வாய், அதற்கு மேல் தள்ளவே கூடாது என்கிறாள் நொராய்னி. தாய்க்கு நோய் என்று தெரிந்தால் பெண்ணை எடுக்க யோசிப்பார்கள் என்று பயப்படுகிறார் போல. நிச்சயதார்த்தம் ஆகாமல் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். நான் எழுதிய எந்த நோட்டீஸிலும் இதற்குப் பதில் இல்லை.

ஆகவே அக்கா, இப்போதுதான் அந்த நல்ல மனநிலை தேவைப்படுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் இளங்கீரனும் வர வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், கேசரி சாப்பிட வேண்டும். "ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வாங்க, மற்றதைப் பிறகு பேசலாம்" என்று மாப்பிள்ளையின் தாய் என்ற முறையில் நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் போகவில்லை, நீங்கள் சொன்னால் போவார். உங்கள் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: "எங்கட ஆக்களோ?" இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சேலம் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். எங்கட ஆக்களில் பார்த்த ஏழு பெண்களிடமும் இளங்கீரன் காரின் பின்கதவைப் பற்றியே பேசி எழுந்து வந்தான் என்பதை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

இது பொய் இல்லையா என்றும் கேட்பீர்கள். அதைத்தான் நானும் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண்ணின் வீட்டில், ஒன்றும் நடக்காது என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்து கேசரி சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. தினேஸ்வரி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? ஆனால் ஒன்றும் நடக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? நடந்தால்? அந்தப் பெண்ணுக்குச் சிரிக்கத் தெரிகிறது. இளங்கீரனுக்கு ஒரு நீலச் சட்டை இருக்கிறது. மற்றதை நான் யோசித்து முடிக்கவில்லை. அந்தத் தாய் செவ்வாய்க்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதை மட்டும் யோசித்து முடித்துவிட்டேன்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம், அவரிடம் விஷயத்தை மெதுவாகச் சொல்லுங்கள். இளங்கீரனுக்குச் சின்னம்மாவின் அன்பும் மன்னிப்பும். கல்லுமலை முருகன் உங்கள் குடும்பத்தை என்றைக்கும் காக்க வேண்டும், இந்தக் கடிதத்தை நீங்கள் மடித்து வைக்கும் அந்த நிமிடத்தில் என்னையும் சேர்த்துக் காக்க வேண்டும்.

என்றும் உங்கள் கைக்குள் வளர்ந்த,
சுபாஜினி

பி.கு.: உறையை ஒட்டிவிட்டேன், கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். தபால் நிலையத்துக்குக் கிளம்பும்போது வாசலில் தினேஸ்வரி வந்து நிற்கிறாள், அரை நாள் லீவு போட்டுவிட்டு. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் சிரித்தாள். "அம்மா எப்பயோ ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாங்க அக்கா. கடிதம் குடுத்த அடுத்த திங்கக்கிழமையே." பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவில் சேலை எடுக்கக் கூப்பிட்டார்கள் என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனாராம். படமும் எடுத்தாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. அந்தக் கட்டி இருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியுமாம். தெருவுக்குத் தெரியாமல் எப்படிப் போவது என்றுதான் தெரியாமல் இருந்தாராம். எங்கள் வேன் வாசலில் வந்து நின்றதுமே கதவில் இருந்ததைப் படித்துவிட்டாராம், பாப்பா அக்கா சம்பந்தம் என்று கூவியதும் சரி, இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். என்னிடம் போனில் பேசிய பேச்செல்லாம் பக்கத்தில் நின்ற பாப்பா அக்காவின் காதுக்காம். "எனக்குக் கல்யாணமெல்லாம் இப்ப வேணாம்க்கா, ஒங்க அக்கா மகன் கோவிச்சுக்க மாட்டாருல்ல?" என்றாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். இளங்கீரனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள்.

ஆனால் ஊசிப் பரிசோதனையின் முடிவை ஆஸ்பத்திரியில் அடுத்த புதன்கிழமை சொல்கிறார்களாம். அதற்குத்தான் தினேஸ்வரி வந்தாள். "நான் கூட இருந்தா அம்மா அழமாட்டாங்க அக்கா. அடக்கி அடக்கி தலைவலி வந்துரும்" என்றாள். நான் வருகிறேனே என்றேன். கொஞ்சம் தயங்கினாள். "நீங்க ஆபீஸ் ஆளு. ஒங்களப் பாத்தா சரியா பதில் சொல்லணும்னு நிமிந்து உக்காந்துக்குவாங்க." தெருப் பெண்களும் கூடாது. அம்மா வயதில், ஏற்கெனவே விஷயம் தெரிந்த, அம்மா விளக்கம் ஒன்றும் சொல்லத் தேவையில்லாத ஒருவர் வேண்டுமாம். அன்று திரைக்குப் பின்னால் என் கையைப் பிடித்து உங்களிடம் சொல்லச் சொன்னது மட்டும் பாப்பா அக்காவுக்காகச் சொன்னது இல்லையாம். தீபாவளிப் படத்தில் அம்மா ரொம்ப நேரம் பார்த்தது உங்களைத்தானாம்.

மாப்பிள்ளை வேண்டாமாம் அக்கா, சம்பந்தி மட்டும் போதுமாம். அடுத்த புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும், ஏழரைக்கு வந்துவிடுங்கள்.